வாசகர் கேள்வி - பதில்: கடல்மனிதனைக் காதலித்தவள்

கேள்வி: கடல்கன்னி கதைகள் ஏராளம். கடலில் வாழும் ஆணை மனிதப் பெண் காதலிப்பதாகப் பழைய கதை ஏதும் உண்டா?

பதில்: உண்டு. 'ஆக்னெடெயும் கடல்மனிதனும்' என்ற டென்மார்க் நாட்டுப்பாடல். (கடல்கன்னிக்கு ஆண்பால் சொல் நம்மிடம் புழக்கத்தில் இல்லை, 'கடல்மனிதன்' என்றே வைத்துக்கொள்வோம்.) ஆக்னெடெ அவனோடு கடலடிக்குப் போகிறாள். எட்டு வருஷம், ஏழு ஆண்பிள்ளைகள். தொட்டிலருகே பாடிக்கொண்டிருக்கும்போது தேவாலய மணி காதில் விழுகிறது. அவனிடம் கேட்டுக்கொண்டு பூசைக்குப் போனவள் திரும்பவே இல்லை. தேடிக்கொண்டு அவன் உள்ளே நுழைந்ததும் சொரூபங்களெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. குழந்தைகள் அழுகிறார்கள் என்று கெஞ்சுகிறான். பெரியதையும் நினைக்க மாட்டேன், சின்னதையும் நினைக்க மாட்டேன் என்கிறாள்.

கேள்வி: இப்படி ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். இருபது மீட்டர் ஆழத்தில் நாயகியின் சிவப்புத் தாவணி தீயாய் ஜொலிக்க, இருவரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். "நம்பும்படி இல்லை" என்கிறார் தோழி. எங்கே தவறு?

பதில்: தாவணியில் முதல் தவறு. சூரிய ஒளியில் சிவப்பைத்தான் நீர் முதலில் விழுங்கும். பத்து மீட்டரிலேயே தாவணி மங்கிப் பழுப்பாகிவிடும்; இருபதில் கிட்டத்தட்ட கறுப்பு. ஜொலிக்க வேண்டுமென்றால் யாராவது விளக்குப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது மூச்சு. பழக்கமில்லாதவர் ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தாலே அதிகம். அவளுக்கு மந்திரசக்தி தராவிட்டால், நீருக்கடியில் நடக்கும் காட்சியை நாற்பது நொடிக்குள் முடியுங்கள். பத்து மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பு, காது வலிக்கும். நீர் காற்றைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகமாக உடல்சூட்டை உறிஞ்சும். நடுங்காமல் மணிக்கணக்கில் காதல் பேச முடியாது. பேச்சைப் பாறைமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிதான் உங்களுக்குக் கைகொடுக்கும். நீரில் அது நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். இரு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம் சுருங்கிவிடுவதால் திசை பிடிபடாது. அவன் கூப்பிட்டால் கடல் முழுக்கக் கூப்பிடுவதுபோல் இருக்கும். இதை எழுதுங்கள்.

வாலையும் கவனியுங்கள். மீன் வால் பக்கவாட்டில் ஆடும், டால்பின் வால் மேலும் கீழும். செதிலும் செங்குத்து வாலும் கொடுத்துவிட்டு டால்பின்போல நீந்தவிட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: அப்படிப் பார்த்தால் ஆக்னெடெக்கு மணி கேட்டிருக்காதே?

பதில்: கேட்டிருக்காது. காற்றில் வரும் ஒலியில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். ஆனால் அந்த ஒரு பொய்யில்தான் கதையே நிற்கிறது. அப்படி ஒன்றை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம், தாவணியில் வீணாக்காதீர்கள். யார் வாயால் சொல்கிறோம் என்பதும் முக்கியம். ஆங்கிலக் கவிஞர் மேத்யூ ஆர்னால்டு 1849-இல் இதே கதையைக் கடல்மனிதன் வாயில் வைத்துப் பாடினார்; இரக்கம் முழுக்க அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. கோபன்ஹேகன் கால்வாயில் நீருக்கடியில் இருக்கும் வெண்கலச் சிலைகளிலும் தகப்பனும் ஏழு பிள்ளைகளும்தான் கை நீட்டி நிற்கிறார்கள். ஆக்னெடெ அங்கே இல்லை.