கதவு திறந்துவிட்டால் போய்த்தான் ஆகவேண்டுமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் நெல்லைப் பக்கத்துப் பெண். பீகாரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். இரண்டு வருஷ பாண்டுக்காக (கட்டாயப் பணி ஒப்பந்தம்) வந்தவள், ஒன்பது வருஷமாக இங்கேயே இருக்கிறேன். கணவருக்கும் இங்கேயே கணக்குப் பிரிவில் வேலை. தங்கை கல்யாணக் கடன் நாலு லட்சம் நிற்கிறது. மகள் அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு; பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் இல்லை. இப்போது இங்கிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஊர்ப் போதகர், "கர்த்தர் கதவைத் திறந்திருக்கிறார், தாராளமாய்ப் போ" என்கிறார். இங்கே மேட்ரன், "கலப்பையில் கைவைத்தவள் திரும்பிப் பார்க்கலாமா?" என்கிறார். போனால் அழைப்புக்குத் துரோகம் செய்தவள் ஆவேனா?
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: அன்புத் தங்கைக்கு,

ஆளுக்கொரு வசனத்தை எடுத்து உங்கள் தலையில் வைத்துவிட்டார்கள். முதலில் இரண்டையும் இறக்கி வைப்போம்.

துரோவா பட்டணத்தில் பவுலுக்குக் கதவு திறந்தது. திறந்தவர் கர்த்தர் என்று அவரே எழுதுகிறார் (2 கொரிந்தியர் 2:12). அப்படியும் தன் உடன் ஊழியர் தீத்துவைக் காணாமல் மனசு நிலைகொள்ளவில்லை, மக்கெதோனியாவுக்குக் கிளம்பிவிட்டார். அதற்காக அவரை யாரும் கடிந்துகொண்டதாக வேதத்தில் இல்லை. கதவு திறந்திருந்தால் போகலாம் என்று அர்த்தம், போயே தீரவேண்டும் என்று அர்த்தமில்லை. அங்கே நர்ஸ்களுக்குத் தட்டுப்பாடு, உங்களிடம் ஒன்பது வருஷ அனுபவம், ஆங்கிலத் தேர்விலும் தேறிவிட்டீர்கள். ஒரு கதவு திறக்க இவ்வளவு போதும்.

கலப்பை வசனம் இயேசுவைப் பின்பற்றுவதைப் பற்றியது, ஒரு ஆஸ்பத்திரியின் வருகைப் பதிவேட்டைப் பற்றியது அல்ல. நீங்கள் போய்விட்டால் வார்டை யார் பார்ப்பது என்று மேட்ரனுக்குக் கவலை. நியாயமான கவலைதான், அதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஒன்பது வருஷ நர்ஸுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டிய இடத்தில் 'அழைப்பு' என்ற சொல்லைக் கொண்டுவந்து வைப்பது மிஷன் நிறுவனங்களில் பழைய வியாதி.

சரி, துரோகம் என்கிறீர்களே. 2 தீமோத்தேயு 4:10ஐ நிதானமாகப் படியுங்கள். பவுலின் உடன் ஊழியன் தேமா உலகத்தின்மேல் ஆசை வைத்துப் போய்விட்டான் என்று மேடைதோறும் சொல்கிறோம். அதே வசனத்தில் கிரெஸ்கே கலாத்தியாவுக்கும் தீத்து தல்மாத்தியாவுக்கும் போயிருக்கிறார்கள். அவர்களும்தான் பவுலை விட்டுப் போனார்கள். குறை தேமாவுக்கு மட்டுமே. போனது குற்றம் என்றால் மூன்று பேருக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்?

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் கதையைக் கன்வென்ஷன்களில் கேட்டுக் கேட்டுப் பழகியிருப்பீர்கள். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள், மிஷனரி ஆகமாட்டேன் என்றிருந்த அவர் மனம் மாறியது. மறுநாளே வார்டில் போய் நின்றுவிட்டார் என்பதுபோலச் சொல்வார்கள். அவரோ அமெரிக்காவுக்குத் திரும்பிப்போய் மருத்துவம் படித்தார். 1899இல் பட்டம் வாங்கினார், 1900இல்தான் வேலூர். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டும் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தவர், 1966இல் அமெரிக்காவில் லூசியானாவுக்குப் போனார். அங்கேயும் தொழுநோயாளிகள்தான். அவருடைய அம்மா ஈவ்லினோ, மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் கொல்லிமலைக்கே திரும்பிப்போனவர். 1974இல், 95 வயதில் காலமானார். மகன் இடம் மாறினார், அம்மா மாறவில்லை. இதில் யாரைத் துரோகி என்பீர்கள்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் நர்ஸ்தான். 1989இல் இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டு சவுதிக்குப் போனேன். பதினோரு வருஷம் இருந்தேன். கடன் அடைந்தது, தம்பி படித்தான், வீட்டுக்கு மாடி எழும்பியது. போனதற்காக நான் வருத்தப்படவில்லை. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு சபையில் எழுந்து, "கர்த்தர் என்னை அரபு நாட்டுக்கு அழைக்கிறார்" என்று சாட்சி சொன்னேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அழைத்தது வட்டிக்காரர். அதை அப்படியே சொல்லியிருந்தால் சபை எனக்காக ஜெபித்திருக்கும், கடன் தீர்ந்ததும் திரும்பி வருவதும் சுலபமாக இருந்திருக்கும். கர்த்தர் பெயரைச் சொல்லிப் போனதால் எதைச் சொல்லித் திரும்புவது என்று தெரியவில்லை.

அதனால் போவதானாலும் இருப்பதானாலும் காரணத்தை அதன் சொந்தப் பெயரால் சொல்லுங்கள். கடன் என்றால் கடன், மகள் படிப்பு என்றால் படிப்பு. இரண்டிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், இப்போதைக்குப் போகவேண்டாம் என்பேன். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நாலு பக்கத்தில் இங்கிலாந்துக்கு ஆறு வரி. நீங்கள் பழக்கிவரும் உள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேருக்கு ஒன்றரைப் பக்கம்! அதில் ஒருத்தி, நடுராத்திரி டிராக்டரில் வந்து இறங்கிய கர்ப்பிணிக்கு பிரஷர் பார்த்து, சிறுநீரில் ஆல்புமின் பார்த்து, வலிப்பு வராமல் தடுக்கும் மக்னீசியம் சல்பேட்டை எடுத்து ட்ரேயில் வைத்துவிட்டு அப்புறம் உங்களை எழுப்பினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் உங்கள் கையெழுத்தே மாறியிருக்கிறது. அந்த வேலை பாதியில் நிற்கிறது. அதை விட்டுவிட்டுப் போனால் அங்கே சம்பளம் வரும், தூக்கம் வருமா என்பதுதான் என் சந்தேகம்.

ஆனால் கடனை அப்படியே வைத்துக்கொண்டு இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிர்வாகத்திடம் எழுத்திலேயே கேளுங்கள்: சம்பள உயர்வு, மகளின் ஹாஸ்டல் செலவில் உதவி, கடனுக்கு முன்பணம். இழுத்தடித்தால் உங்கள் முடிவு சுலபமாகிவிடும். ஏஜென்சியிடம் சேரும் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று விசாரியுங்கள். ஒப்பந்தத்தையும் முழுக்கப் படியுங்கள். இத்தனை வருஷத்துக்குள் விலகினால் செலவைத் திருப்பிக் கட்டவேண்டும் என்ற ஷரத்து இருக்கலாம். அங்கத்திய சம்பளத்தை ரூபாயாக்கிப் பார்க்கும்போது வீட்டு வாடகையையும் ரூபாயாக்கிப் பாருங்கள்.

இன்னொன்று. இத்தனை எழுதியவர், உங்கள் வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி எழுதவில்லை. இங்கே அவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, அங்கே என்ன வேலை கிடைக்கும்? மாதக் கடைசிக்கு முன்னால் ஒரு நாள் ராத்திரி டியூட்டி இல்லாதபோது அவரோடு உட்காருங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். அந்தப் பெண்கள் இரண்டு பேரும் நீங்கள் இல்லாமல் வார்டைப் பார்த்துக்கொள்ள இன்னும் எத்தனை மாதம் ஆகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா