கேடட் முதல் கேப்டன் வரை: 1900களின் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி (கேள்வி பதில்)

கேள்வி: அதிகாரியாக எந்த வயதில் சேர்ந்தார்கள்? ஏழைப் பையன்கள் சேர முடிந்ததா?

பதில்: 1903 வரை 14, 15 வயதில், டார்ட்மவுத்தில் நிறுத்தியிருந்த பிரிட்டானியா பயிற்சிக் கப்பலில் சேர்ந்தார்கள். செல்போர்ன் திட்டம் என்ற புதிய சேர்க்கை முறை வந்தபின் 12, 13 வயதிலேயே எடுத்தார்கள். ஆஸ்போர்ன் கல்லூரியில் 2 ஆண்டு, டார்ட்மவுத் கல்லூரியில் 2 ஆண்டு, பிறகு குரூசர் வகைப் பயிற்சிக் கப்பலில் சில மாதம். கட்டணம் ஆண்டுக்கு 75 பவுண்டு. கடலுக்குப் போனபின்னும் செலவு ஓயாது. மிட்ஷிப்மேனுக்கு (கப்பலில் பணி பழகும் இளம் அதிகாரி) நாள் சம்பளம் 1 ஷில்லிங் 9 பென்ஸ். ஆண்டுக்கு 32 பவுண்டு கூடத் தேறாது. அதனால் வீட்டிலிருந்து ஆண்டுதோறும் 50 பவுண்டு வரவேண்டும். சாதாரண மாலுமிகள் அதிகாரியாக 'மேட்' திட்டம் 1912இல்தான் வந்தது. அதுவும் ஒடுக்கமான வழி.

கேள்வி: லெப்டினன்ட் ஆன பிறகு பதவி உயர்வு தானாக வருமா?

பதில்: வராது. பலரின் பயணம் அங்கேயே நின்றுவிடும். லெப்டினன்டாக 8 ஆண்டு முடித்தால் சட்டைக் கையில் உள்ள இரண்டு பட்டைகளுக்கு நடுவே மெல்லிய பட்டை ஒன்று கிடைக்கும். 1914இல் அதற்கு லெப்டினன்ட் கமாண்டர் என்று பெயர் வைத்தார்கள். அது பணிமூப்பால் வருவது. அதைக் கண்டு ஏமாறக் கூடாது. அடுத்த படியான கமாண்டர், அதற்கு மேல் கேப்டன், இரண்டுக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜூன் 30, டிசம்பர் 31 என ஆண்டுக்கு இருமுறை பட்டியல் வரும்.

கேப்டன் ஆகிவிட்டால் கதையே வேறு. அங்கிருந்து அட்மிரல்வரை வரிசைதான், முன்னால் நிற்பவரைத் தாண்ட முடியாது. ஆகவே எந்த வயதில் கேப்டன் ஆனார் என்பதுதான் ஒரு அதிகாரியின் மொத்தக் கணக்கு. பின்னாளில் புகழ்பெற்ற அட்மிரல் டேவிட் பீட்டியைப் பாருங்கள்: நைல் நதிப் பீரங்கிப்படகுகளில் காட்டிய திறமையால் 27 வயதில் கமாண்டர். சீனாவில் பாக்ஸர் கலகத்துக்குப்பின் 29இல் கேப்டன். 1910 ஜனவரி 1இல், 39 நிறையும் முன்பே, ரியர் அட்மிரல். கேப்டனாகக் கடலில் இருக்கவேண்டிய காலத்தை அவர் முடித்திருக்கவில்லை. அதற்கெனத் தனி அரசாணையே போட்டார்கள்.

இதில் இன்னொரு சங்கடம்: ஒரு கப்பலை ஒப்படைத்தபின் அடுத்த நியமனம் வரும்வரை அரைச் சம்பளம்தான்.

கேள்வி: போர்முனை கிடைக்காதவர்கள் எப்படி மேலே வந்தார்கள்?

பதில்: பீரங்கித் துறையில் சிறப்புப் பயிற்சி எடுத்தார்கள். போர்ட்ஸ்மவுத்தின் வேல் தீவில் இருந்த எக்ஸலன்ட் பள்ளி அதற்குப் பேர்போனது. டார்பிடோவுக்கு வெர்னன் பள்ளி. பின்னாளில் அட்மிரலான ஜெல்லிக்கோ பீரங்கித் துறைக்காரர். பெர்சி ஸ்காட் என்ற அதிகாரியும் அப்படியே. 1899இல் அவருடைய ஸில்லா கப்பல் இலக்குப் பயிற்சியில் 80 சதவீதம் அடித்தது. எல்லாப் பீரங்கிகளையும் உயரத்திலிருந்து ஒரே ஆள் குறிவைத்துச் சுடும் 'டைரக்டர்' முறையையும் அவரே வற்புறுத்தினார். 1912 நவம்பர் சோதனையில், அது பொருத்திய தண்டரர் கப்பல், பொருத்தாத ஒரையன் கப்பலைவிட ஆறு மடங்கு அதிகமாக அடித்தது. பழைய முறையில் ஒவ்வொரு பீரங்கிக்காரரும் தானே குறிபார்க்க வேண்டும். புகையிலும் தெறிக்கும் நீரிலும் இலக்கே தெரியாமல் போகும்.

கேள்வி: சென்னையைத் தாக்கிய ஜெர்மன் கப்பல் எம்டனை முடித்த 'சிட்னி' கப்பலின் கேப்டன் ஆஸ்திரேலியரா?

பதில்: இல்லை. ஜான் கிளாசப் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. ஆஸ்திரேலியக் கடற்படை அப்போது புதிது. மூத்த அதிகாரிகளை இரவலாகப் பெற்றார்கள். மோதல் நடந்தது 1914 நவம்பர் 9இல், இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவருகே. எம்டனிடம் 4.1 அங்குலப் பீரங்கிகள், சிட்னியிடம் 6 அங்குலம்.

கேள்வி: ஒரு அதிகாரியின் பணிப்பதிவில் 1912இல் 'விக்டரி' என்று இருக்கிறது. நெல்சனின் கப்பலிலா இருந்தார்?

பதில்: பெரும்பாலும் இல்லை. பயிற்சி வகுப்பில் இருப்பவர், கப்பலுக்குக் காத்திருப்பவர் ஆகியோரின் பெயரைச் சம்பளக் கணக்குக்காக ஏதாவது ஒரு கப்பலின் ஏட்டில் எழுதிவைப்பார்கள். விக்டரி என்றால் போர்ட்ஸ்மவுத், விவிட் என்றால் டெவன்போர்ட், பெம்ப்ரோக் என்றால் சாத்தம், பிரசிடென்ட் என்றால் பெரும்பாலும் லண்டன் அலுவலகம். முதலில் நேவி லிஸ்ட் எனும் அதிகாரிகள் பட்டியலில் பணிமூப்புத் தேதியைப் பாருங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் அதுதான் பிரித்துக் காட்டும். பிறகு லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ஏடிஎம் (ADM) 196 என்ற ஆவண வரிசை: கப்பல், தேதி, கேப்டன் எழுதிய மதிப்பீடு எல்லாம் அதில் கிடைக்கும். நிஜமாகவே கடலில் ஓடிய கப்பல் என்றால், அன்றாட நடப்புக்கு ஏடிஎம் 53இல் அதன் லாக் புத்தகத்தைத் தேடுங்கள்.