பழைய ஸ்போர்ட்ஸ் காரின் திராட்டில் லிங்கேஜை நானே சரிசெய்ய முடியுமா?

முடியும். பெடலிலிருந்து கார்புரேட்டர்வரை போகும் கம்பி, தண்டு, நெம்புகோல் எல்லாம் சேர்ந்ததுதான் லிங்கேஜ். இரண்டு மூன்று ஸ்பேனர், ஒரு டார்ச், ஒரு முழம் ரப்பர் குழாய், பெடலை மிதிக்க ஓர் ஆள் இருந்தால் போதும்.

இரட்டை கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கருவி) கார் என்கிறீர்கள். பெடல் முதலில் வெறுமனே இறங்குகிறது, பிறகு கார் திடீரென்று பாய்கிறது, ஐட்லிங் (கால் படாதபோது என்ஜின் ஓடும் வேகம்) ஒரு தடவை நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கிறது, அடுத்த தடவை 1,300இல் நிற்கிறது. இதைக் கேட்டால் எனக்குக் கார்புரேட்டர்மேல் சந்தேகம் வரவில்லை, அதை இழுக்கும் கம்பிகள்மேல்தான் வருகிறது. ஐட்லிங் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண்ணில் நிற்கிறது என்றால், ஏதோ ஒன்று தன் இடத்துக்குத் திரும்பாமல் பாதி வழியில் தங்கிவிடுகிறது. அதனால் பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்சர் திருகை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். நான் தொட்டேன், ஆறு மாதம் வீணானது.

என்னுடையது 1968ஆம் ஆண்டு எம்ஜிபி. 1,798 சிசி என்ஜின், எஸ்யூ (SU) என்ற வகைக் கார்புரேட்டர் இரண்டு. வாங்கியதிலிருந்தே மேட்டில் ஏறத் திணறியது. மிக்சரைக் கூட்டினேன், குறைத்தேன், பிளக் மாற்றினேன், டைமிங் பார்த்தேன். கார்புரேட்டரில் உள்ள நெம்புகோலைக் கையால் தள்ளினால் முழுவதும் திறந்தது, ஆகவே அந்தப் பக்கம் குறையில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ஜினை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, தம்பியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன். எஸ்யூவில் வழியை அடைத்தபடி ஒரு பிஸ்டன் நிற்கும். அதை விரலால் மேலே தூக்கிப் பிடித்து டார்ச் அடித்தால்தான் பின்னால் இருக்கும் பட்டர்ஃபிளை, அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் வட்டத் தகடு, தெரியும். முழுவதும் திறந்திருந்தால் அந்தத் தகடு விளிம்பை மட்டும் காட்டி, குறுக்கே ஒரு கோடாக நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்ததோ சாய்ந்து கிடந்த பித்தளை வட்டம்.

"நன்றாக மிதி" என்றேன்.

"தரையைத் தொட்டுவிட்டது, அண்ணா. இதற்குமேல் எங்கே மிதிப்பது?"

தரையைத் தொடவில்லை. முந்தைய உரிமையாளர் போட்டிருந்த கனமான கம்பளத்தையும் அதன்மேல் கிடந்த ரப்பர் விரிப்பையும்தான் தொட்டிருந்தது. இரண்டையும் வெட்டி ஒதுக்கியதும் பாதிக் குறை தீர்ந்தது. ஆறு மாதமாக நான் முழு வேகம் என்று நினைத்தது ஏறத்தாழ முக்கால் வேகம். எனவே நீங்களும் இங்கிருந்தே தொடங்குங்கள்: காலால் மிதிக்கும்போது என்ன திறக்கிறது என்று பாருங்கள், கையால் தள்ளிப் பார்ப்பது எதையும் நிரூபிக்காது.

அடுத்து மூடிய நிலை. உழைப்பில் பெரும்பகுதியை இங்கே செலவிடுங்கள். முழுவதும் திறந்த நிலையில் இரண்டு பட்டர்ஃபிளைக்கும் இடையே ஓரிரு டிகிரி வேறுபட்டால் என்ஜின் கண்டுகொள்ளாது. ஐட்லிங்கில் காற்று நுழைவது ஒரு மெல்லிய இடுக்கு வழியாக மட்டுமே. அங்கே ஒரு மயிரிழை கூடினால்கூட ஒரு கார்புரேட்டர் மற்றொன்றைவிடப் பல மடங்கு காற்றை இழுத்துவிடும். நீங்கள் சொல்லும் அந்தப் பாய்ச்சல், இரண்டில் ஒன்று முன்னதாகத் திறந்து மற்றது தாமதமாக வந்து சேர்வதாலும் வரும்.

என்ஜின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு, இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் தண்டின் கிளாம்ப் போல்ட்களைத் தளர்த்துங்கள். இனி ஒன்றை மற்றொன்று இழுக்காது. பெடல் கேபிளும் இறுக்கமாக இல்லாதபடி விட்டுவிடுங்கள். சோக் (குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப இழுக்கும் குமிழ்) முழுவதும் உள்ளே போயிருக்கிறதா, அதன் வேக ஐட்லிங் திருகு எங்கும் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதை மறந்துவிட்டு மணிக்கணக்கில் போராடுகிறார்கள். இப்போது இரண்டு ஐட்லிங் திருகையும் பட்டர்ஃபிளை முழுவதும் மூடும்வரை வெளியே எடுத்து, பிறகு தொடும் இடத்திலிருந்து இரண்டையும் ஒரே அளவாக, ஒரு சுற்று அல்லது ஒன்றரைச் சுற்று உள்ளே கொடுங்கள். என்ஜினை ஓடவிட்டு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வையுங்கள். 'ஸ்ஸ்' என்ற சீறல் இரண்டிலும் ஒரே குரலில் வரும்வரை திருகுகளைச் சரிசெய்யுங்கள். இதற்கென்று அளவி விற்கிறார்கள், என்னிடமும் இருக்கிறது. காது இன்றுவரை அதற்குத் தோற்றதில்லை.

பிறகு என்ஜினை அணைத்து கிளாம்ப்களை இறுக்குங்கள். தண்டின் நெம்புகோல் முனையில் ஒரு முள், கார்புரேட்டர் பக்கம் ஒரு கவை. முள் கவையை அழுத்தத் தொடங்குமுன் சிறு இடைவெளி வேண்டும். சரியான அளவு உங்கள் காரின் பணிமனைக் கையேட்டில் இருக்கும்; இரண்டு மூன்று தாள் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். இடைவெளியே இல்லையென்றால் லிங்கேஜே பட்டர்ஃபிளையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், ஐட்லிங் திருகுக்கு வேலை இருக்காது. போல்ட்டை இறுக்கும்போது நெம்புகோலும் சேர்ந்து திரும்பும் என்பதால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியில் 1,500 சுற்று அளவில் மறுபடி குழாயால் கேளுங்கள். ஐட்லிங்கில் ஒத்துப்போய் இங்கே மாறினால் இடைவெளி சமமாக இல்லை.

கேபிளுக்குப் பதில் உங்கள் காரில் பந்து மூட்டு வைத்த கம்பிகள் என்றால் இரண்டு நெம்புகோலும் ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். கோணம் வேறானால் ஐட்லிங்கில் எவ்வளவு ஒத்திருந்தாலும் நடுவழியில் பிரிந்துவிடும்.

கம்பி இணைப்பில் இன்னொரு தொல்லை உண்டு. பெடல் காரின் உடலில் இருக்கிறது, கார்புரேட்டர் என்ஜினில் இருக்கிறது. என்ஜினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தால், என்ஜின் ஆடும்போது அதுவே கம்பியை இழுக்கும். இது சின்ன விஷயமல்ல: என்ஜின் தாங்கி பிரிந்தால் திராட்டில் திறந்தபடி சிக்கிக்கொள்ளலாம் என்பதற்காக, 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் 1965 முதல் 1969 வரையிலான ஏறத்தாழ 67 லட்சம் ஷெவர்லே வாகனங்களைத் திரும்ப அழைத்தது. லிங்கேஜைத் தொடுமுன் என்ஜினை ஒரு தடவை கையால் ஆட்டிப் பாருங்கள்.

கேபிளைக் கடைசியாகப் பொருத்துங்கள். கால் படாதபோது சற்றே தளர்வு, முழுவதும் மிதித்தால் பட்டர்ஃபிளை முழுத் திறப்பு. தரையிலுள்ள தடுப்பில் பெடல் முட்டும் நேரமும் கார்புரேட்டர் நெம்புகோல் தன் தடுப்பில் முட்டும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். நெம்புகோல் முன்னதாக முட்டினால் காலின் பலம் முழுவதும் கேபிளில் இறங்கும், ஒருநாள் அறுந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐட்லிங் அலைந்தால் பட்டர்ஃபிளை தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்து அந்த வழியாகக் காற்று கசிகிறது. கார்புரேட்டரைக் கழற்றிப் புதுப் புஷ் போட்டுத்தான் ஆக வேண்டும். இன்னொரு ஸ்பிரிங் மாட்டச் சொல்பவர்கள் வருவார்கள். கேட்காதீர்கள், கூடுதல் ஸ்பிரிங் அதே தண்டை ஒரு பக்கமாக இழுத்து இன்னும் வேகமாகத் தேய்க்கும்.

சாலையில் எடுக்கும் முன் என்ஜின் ஓடாத நிலையில் பெடலை முழுவதும் மிதிக்கச் சொல்லி, சட்டென்று காலை எடுக்கச் சொல்லுங்கள். இருபது தடவை. இருபதிலும் இரண்டு நெம்புகோலும் ஐட்லிங் திருகில் 'டக்' என்று வந்து அமர வேண்டும். ஒரு தடவை தயங்கினாலும் சாவியைத் திருப்பாதீர்கள்.