1971 போர் மெடல் அப்பாவுக்கு வரவே இல்லை, இப்போது கேட்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 77. எங்கள் ஊர் வேலூர் பக்கம். 1968-ல் பெங்களூரில் மதராஸ் எஞ்சினியர் குரூப் என்ற ராணுவப் பொறியியல் படைப்பிரிவில் சாப்பராக (அந்தப் பிரிவின் சிப்பாயாக) சேர்ந்தார். 1983-ல் நாயக் ரேங்க்கில், பென்ஷனோடு ஊருக்கு வந்தார். 1971 போரில் மேற்கு முனையில் சக்கர்கர் பகுதியில் கண்ணிவெடி அகற்றும்போது இடது காலில் சிதறல் பாய்ந்து, மூன்று மாதம் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதன் பிறகு வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கூட இருந்தவர்களுக்கெல்லாம் ஸ்டார் மெடல் வந்தது, இவருக்கு வரவில்லை. "போனா போகுது" என்றே இத்தனை வருஷம் இருந்தவர், போன ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக் கொடியேற்றத்துக்கு அழைத்தபோது, சட்டையில் இரண்டு மெடல் மட்டும் குத்திக்கொண்டு போய் வந்து, அன்று சாப்பிடவே இல்லை. கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தோம், பதில் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்களா? கோர்ட்டுக்குப் போக வேண்டுமா?

பதில்: முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சக்கர்கர் முனையில்தான் பசந்தர் ஆற்றுச் சண்டை நடந்தது. 21 வயது அருண் கேத்தர்பால் டாங்கியோடு நின்று உயிர்விட்டு பரம்வீர் சக்கரம் பெற்ற இடம் அது. அந்த டாங்கிகள் ஆற்றைத் தாண்டிப் போக, ராத்திரியில் கண்ணிவெடி வயலுக்குள் இறங்கி வழி திறந்தவர்கள் எஞ்சினியர்கள். உங்கள் அப்பா செய்த வேலை எப்படிப்பட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். காலம் கடந்துவிடவில்லை. ஆனால் எந்த மெடலைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பரம்வீர் சக்கரம், மகாவீர் சக்கரம், வீர் சக்கரம் எல்லாம் வீரத்துக்கான விருதுகள். மேலதிகாரி பரிந்துரை எழுத வேண்டும், அது பல கட்டம் தாண்ட வேண்டும். ஐம்பது வருஷம் கழித்து "எனக்கும் தந்திருக்க வேண்டும்" என்று போனால் எந்த நீதிமன்றமும் லேசில் கை வைக்காது. ஸ்டார் மெடல் அந்த ரகமே இல்லை. மேற்கு முனையில் போர்ப் பகுதியில் பணியில் இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார், கிழக்கு முனைக்கு பூர்வி ஸ்டார். யாரும் யாரையும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. அந்தத் தேதியில் அந்த இடத்தில் இருந்தாரா என்பது ஒன்றுதான் கேள்வி. இருந்தார் என்று காகிதம் சொன்னால் மெடல் அவருடையது. ஆகவே நீங்கள் சலுகை கேட்டுப் போகவில்லை. விட்டுப்போன ஒரு பதிவைச் சரிசெய்யக் கேட்கிறீர்கள். மனு எழுதும்போது இந்த நினைப்பு இருந்தாலே நடை மாறும்.

அவர் குத்திக்கொண்டு போன இரண்டு மெடல் எவை என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்று சங்கிராம் மெடலாகவும், மற்றது சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டு நினைவு மெடலாகவும் இருக்கும் என்று நினைக்கிறேன். 25-ஆம் ஆண்டு மெடல் 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த எல்லோருக்கும் உண்டு. சங்கிராம் மெடலின் வரம்பு 1971 டிசம்பர் 3-ல் தொடங்கி 1972 டிசம்பர் 20 வரை போகிறது, எல்லையும் அகலம். அதனால் காயம்பட்டு யூனிட் மாறினாலும் இவை இரண்டும் வந்து சேர்ந்துவிடும். ஸ்டார் அப்படி இல்லை. மேற்கில் சண்டை நடந்தது டிசம்பர் 3 முதல் 17 வரைதான். அந்தப் பதினைந்து நாளில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்ற பட்டியலைப் பழைய யூனிட்தான் அனுப்பும். அந்தப் பட்டியல் போட்ட நேரத்தில் உங்கள் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில். பழைய யூனிட் 'இவர் இங்கே இல்லை' என்று விட்டிருக்கும், புது யூனிட் 'இவர் அப்போது எங்களிடம் இல்லை' என்று விட்டிருக்கும். இந்த மாதிரி விடுபட்டவர்களை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், கோர்ஸுக்குப் போனவர்கள், சண்டை முடிந்த கையோடு மாற்றலானவர்கள்.

ராணுவத்தை விட்டு வரும்போது அப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பாருங்கள். மெடல்களுக்கென்று ஓர் இடம் இருக்கும். அங்கே பஸ்சிமி ஸ்டார் என்று எழுதியிருந்தால், உரிமை ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டது, மெடல் மட்டும் கைக்கு வரவில்லை. உங்கள் வேலை பாதி முடிந்தது. எழுதவில்லை என்றால் உரிமையைப் பதிவு செய்வதிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை ஒரு பெரியவர் கொண்டு வந்த புக்கில் அந்தப் பக்கம் மடிப்பில் ஒட்டிப்போய் இருந்தது. ஈரத்துணியின் ஆவியில் மெதுவாகப் பிரித்துப் பார்த்தால், நீல மையில் மெடலின் பெயர் தெளிவாக இருக்கிறது, பக்கத்தில் அதிகாரியின் கையெழுத்தோடு. நாற்பது வருஷமாக வராத மெடலின் பெயர் அவர் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனுவை மறந்துவிடுங்கள். இது மாநில அரசின் கையில் இல்லாத விஷயம். ராணுவத்தில் சிப்பாய்களின் ஜாதகம் முழுவதும் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கிறது. மதராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூரு. (மதராஸ் ரெஜிமென்ட் ஆட்களுக்கு வெலிங்டன், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு. வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் உதவட்டும்.) மனு அங்கேதான் போக வேண்டும், அதுவும் உங்கள் பெயரில் அல்ல, அப்பாவின் பெயரில், அவர் கையெழுத்தோடு. கை நடுங்கினால் கைரேகை வைத்து இரண்டு சாட்சி போடுங்கள்.

மனுவில் கதை வேண்டாம். ராணுவ எண், எண்ணின் கடைசியில் ஆங்கில எழுத்து இருந்தால் அதுவும், ரேங்க், பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடியே (ஆதாரில் உள்ளபடி அல்ல), சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, 1971 டிசம்பரில் இருந்த யூனிட், கம்பெனி, காயம்பட்ட தேதி, ஆஸ்பத்திரி. பிறகு ஒரே ஒரு கோரிக்கை: "மேற்படி காலத்தில் மேற்கு முனையில் பணியாற்றியதற்கான பஸ்சிமி ஸ்டார் எனக்கு வழங்கப்படவில்லை. என் உரிமையைச் சரிபார்த்து, பார்ட் டூ ஆர்டரில் பதிவு செய்து, மெடலை அனுப்பித் தர வேண்டுகிறேன்." பார்ட் டூ ஆர்டர் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ராணுவத்தில் ஒருவருக்கு நடக்கும் எதுவும், கல்யாணம், குழந்தை, மாற்றல், காயம், மெடல், அந்த ஆர்டரில் ஏறினால்தான் நடந்ததாகக் கணக்கு. தமிழில் எழுதி அனுப்பினால் தாமதமாகும், ஆங்கிலத்தில் எழுதுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதற்கு உதவுவார்கள், அவர்களின் முகப்புக் கடிதத்தோடு போனால் இன்னும் நல்லது. டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கமும், பிபிஓ (ஓய்வூதிய ஆணை) நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது மிஞ்சியிருந்தால் அதன் நகல், இவற்றை இணையுங்கள். மூலப்பிரதியை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். 9 ஆண்டுப் பணிக்கான மெடலுக்கும் உரிமை உண்டா என்று அதே மனுவில் கடைசி வரியாகக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் அப்பா பென்ஷனோடு வந்தவர் என்பது பெரிய ஆறுதல். பென்ஷன் இல்லாமல் வெளிவந்தவர்களின் பணி ஆவணங்களை 25 வருஷம் கழித்து அழித்துவிடலாம் என்று ராணுவ விதி இருக்கிறது. அவர்களுக்கு லாங் ரோல் என்ற பெரும் பதிவேட்டின் வரிகள்தான் மிச்சம். அந்த நிலையில் வந்தவர்களுக்கு வாதாடுவது கஷ்டம். உங்களுக்கு அந்தச் சிக்கல் வராது என்றே நம்புகிறேன்.

இரண்டு மாதம் பாருங்கள். பதில் வரவில்லை என்றாலோ, "பதிவு இல்லை" என்று ஒரு வரியில் வந்தாலோ, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். "என் அப்பாவுக்கு ஏன் மெடல் தரவில்லை?" என்று கேட்டால் அது தகவல் இல்லை, விளக்கம் என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். ஷீட் ரோலின் (அவருடைய பணிப் பதிவுத் தாளின்) நகல், 1971 டிசம்பர் முதல் 1972 ஜூன் வரை இவர் பெயர் வரும் பார்ட் டூ ஆர்டர்களின் நகல், காயம்பட்டதைப் பற்றிய கேஷுவல்ட்டி பதிவின் நகல், அந்த யூனிட்டுக்கு பஸ்சிமி ஸ்டார் வழங்கிய பதிவில் இவர் பெயர் இருக்கிறதா என்ற விவரம். பாதுகாப்பு ரகசியம் என்று மறுத்தால் தயங்காமல் முதல் மேல்முறையீடு போடுங்கள், அதற்கு 30 நாள் அவகாசம். தன் சொந்தப் பணிப் பதிவைக் கேட்பவருக்கு ரகசியம் என்ன இருக்கிறது? இதுவும் அப்பா பெயரிலேயே போகட்டும். நீங்கள் கேட்டால், மகளாகவே இருந்தாலும், மூன்றாம் நபரின் தகவல் என்பார்கள்.

அப்புறம்தான் கோர்ட். உங்கள் விஷயம் போக வேண்டிய இடம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அதற்குச் சென்னையிலேயே கிளை இருக்கிறது. மனு கொடுத்து ஆறு மாதம் பதில் இல்லை என்றால் அதற்கடுத்த ஒரு வருஷத்துக்குள் போகலாம். மறுப்பு வந்துவிட்டால் ஆறு மாதத்துக்குள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உச்ச நீதிமன்றம் 2008-ல் சி.ஜேக்கப் வழக்கில், செத்துப்போன உரிமைக்குப் புதிதாக ஒரு மனு கொடுத்து உயிர் கொடுக்க முடியாது என்றது. அதை எடுத்து வைப்பார்கள். அதே 2008-ல் தர்சேம் சிங் என்ற படைவீரரின் பென்ஷன் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னதை நாம் எடுத்து வைக்க வேண்டும்: மூன்றாம் நபரின் உரிமை பாதிக்கப்படாத விஷயங்களில் தாமதம் இருந்தாலும் நிவாரணம் தரலாம். பென்ஷனுக்குச் சொன்னதுதான், ஆனாலும் அதன் நியாயம் மெடலுக்கு அப்படியே பொருந்துகிறது என்பது என் கருத்து. உங்கள் அப்பாவுக்கு ஸ்டார் கொடுத்தால் யாருடைய பதவி உயர்வு கெடும், யாருடைய சீனியாரிட்டி கீழே போகும்? ஆனால் உண்மையில் இந்த மாதிரி விஷயங்களில் பெரும்பாலானவை கோர்ட் வரை வர வேண்டிய அவசியமே இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மெடலைவிட எனக்கு அந்தக் கால் முக்கியமாகப் படுகிறது. எதிரி புதைத்த கண்ணிவெடியில் காயம்பட்டவர் அவர். எதிரியின் நேரடி நடவடிக்கையில் காயம்பட்டவர்களுக்கென்றே தனி மெடல் உண்டு, இன்று பராக்கிரம் பதக்கம் என்கிறார்கள். அதற்கும் அவர் தகுதியானவரா என்று கேளுங்கள். அதோடு டிஸ்சார்ஜ் புக்கில் மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) என்ன என்று பாருங்கள். 'ஏ' இல்லாமல் 'பி', 'சி' என்று இருந்து, காரணம் அந்தக் காயம்தான் என்றால், அவருடைய பிபிஓவில் பணி ஓய்வூதியத்தோடு ஊனத்துக்கோ போர்க் காயத்துக்கோ தனித் தொகை இருக்க வேண்டுமா என்பது ஆராய வேண்டிய கேள்வி. இருந்தாலும் போர்க் காயம் என்று பதிவாகாமல் சாதாரண ஊனம் என்று பதிவாகியிருக்கலாம். இரண்டுக்கும் தொகையில் நல்ல வித்தியாசம். பென்ஷன் விஷயம் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் தாமதம் தடையாகாது. ஆனால் பழைய பாக்கி பொதுவாக மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும் என்பதும் அதே தர்சேம் சிங் தீர்ப்புதான். ஆகவே ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் ஒரு மாதப் பணம் போகிறது. தகவல் சட்டத்தில் கேஷுவல்ட்டி பதிவைக் கேட்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

இடையில் யாராவது "தில்லியில் ஆள் இருக்கிறார், இருபதாயிரம் கொடுத்தால் மெடல் வாங்கித் தருகிறேன்" என்று வருவார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மெடலுக்கு அரசு கட்டணம் கேட்பதில்லை. கண்டோன்மென்ட் கடைகளில் பஸ்சிமி ஸ்டார் மாதிரியே செய்து விற்கிறார்கள். உரிமை பதிவானவர்கள் அசல் வரத் தாமதமானால் அதை வாங்கி அணிவது வழக்கம்தான். ஆனால் உங்கள் அப்பாவுக்கு உரிமை எழுத்தில் வரும் முன் வாங்க வேண்டாம். அவரே அதைக் குத்திக்கொள்ள ஒப்புக்கொள்ள மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய வயதை நினைத்து ஒரு வேலை இன்றைக்கே செய்யுங்கள். அவரோடு அந்த யூனிட்டில் இருந்த தம்பிகள் (சாப்பர்களைப் படையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) யாராவது உயிரோடு இருந்தால், ஸ்டார் வாங்கியவராக இருந்தால் இன்னும் நல்லது, அவரிடம் ஒரு அபிடவிட் வாங்கிக்கொள்ளுங்கள்: இன்ன தேதியில், இன்ன இடத்தில், இவர் என்னோடு இருந்தார், என் கண்முன் காயம்பட்டார் என்று. அவருடைய ராணுவ எண்ணும் டிஸ்சார்ஜ் புக் நகலும் கூட இருக்கட்டும். ரெக்கார்ட் ஆபீஸ் தேடுவதற்கு அந்த எண் ஒரு பிடி. காகிதம் தொலைந்திருந்தால் தீர்ப்பாயத்தில் அந்தச் சாட்சிதான் நம் கையில் இருக்கும்.

மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த ரசீதின் தேதியிலிருந்துதான் நான் மேலே சொன்ன ஆறு மாதக் கணக்கு தொடங்கும். பதில் எது வந்தாலும் நகலோடு மறுபடி எழுதுங்கள்.