பின்வளவில் போட்ட மரக் கொட்டில்: கவுன்சில் கடிதம் வந்துவிட்டது, இடிக்க வேண்டுமா?

கேள்வி: வடமேற்கு லண்டனில் எங்களுடையது செமி-டிடாச்ட் வீடு. போன கோடையில் பின்வளவின் கடைசியில் மரத்தால் ஒரு கொட்டில் போட்டோம். வெளி அளவு 6.2 மீட்டருக்கு 4.2, உள்ளே 5.8க்கு 3.8. தட்டைக் கூரை. ஒரு பாதியில் பெரிய பாத்திரங்கள், அரிசி மூட்டை, ஃப்ரீசர். மறுபாதியில் மகன் மிருதங்கம் பழகுகிறான். இடப்பக்க வேலிக்கும் சுவருக்கும் இடையில் 60 சென்டிமீட்டர். மற்றப் பக்கங்களில் தாராளமாக இடம் இருக்கிறது. "பெர்மிஷன் ஒன்றும் தேவையில்லை" என்று பில்டர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். மின்சாரத்தை, தெரிந்த அண்ணா ஒருவர் வீட்டு ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தனி இணைப்பாக எடுத்து, வேலியோரமாகக் கேபிள் இழுத்துத் தந்தார். 400 பவுண்ஸ் கொடுத்தோம். காகிதம் எதுவும் இல்லை. இப்போது பக்கத்து வீட்டு அம்மா, உயரம் 2.5 மீட்டரைத் தாண்டுகிறது என்று முறைப்பாடு செய்திருக்கிறார். பார்வையிட வருவதாகக் கவுன்சில் கடிதம் போட்டிருக்கிறது. வளவு பின்னோக்கி ஏறுகிறது. முன்பக்கம் அளந்தால் 2.64, பின்பக்கம் 2.47. இடிக்கச் சொல்வார்களா? ஊரிலிருந்து வரும் மச்சான் மூன்று மாதம் அதில் தங்கலாமா? பில்டரிடம் நட்டஈடு கேட்கலாமா? பெரிய மழை பெய்தால் வீட்டிலே மின்சாரம் ட்ரிப் ஆகிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பதில்: நீங்கள் கடைசியாகச் சொல்லி வைத்ததிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். மழைக்கு ட்ரிப் ஆகிறது என்றால், எங்கோ தண்ணீர் மின்சாரத்தைத் தொடுகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை வாசித்து முடித்ததும் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து, கொட்டிலுக்குப் போகும் சுவிட்சை இறக்கிவிடுங்கள். ஃப்ரீசரில் இருப்பதை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர் சோதித்துச் சொல்லும் வரை அந்தச் சுவிட்சை மறுபடி ஏற்ற வேண்டாம். கவுன்சில் கடிதத்துக்கு அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை. மர வீடு, ஈரக் கேபிள், உள்ளே மிருதங்கத்தோடு உங்கள் பிள்ளை. சட்டத்தை அப்புறம் பார்க்கலாம்.

சரி, இனிச் சட்டம். இங்கிலாந்துக்குரிய சட்டத்தைத்தான் சொல்கிறேன். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

"பெர்மிஷன் தேவையில்லை" என்று பில்டர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் அவர் சொன்னது மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும்தான் பதில். திட்ட அனுமதி ஒன்று, கட்டட விதிகள் இன்னொன்று, மின்சார வேலை மூன்றாவது. ஒன்றில் தப்பினால் மற்றதில் தப்பியதாக ஆகாது. நம்மவர் பலரும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். உங்கள் விஷயத்திலும் பக்கத்து வீட்டு அம்மா கை வைத்த இடத்தில் நீங்கள் பலமாகவே நிற்கிறீர்கள். அவர் கவனிக்காத இரண்டு இடங்களில்தான் பிழை இருக்கிறது.

முதலில் திட்ட அனுமதி. 2015ஆம் ஆண்டின் பெர்மிட்டெட் டெவலப்மென்ட் ஆணையில் 'கிளாஸ் இ' என்ற பிரிவு, வீட்டுப் பாவனைக்குத் துணையான கட்டடங்களை விண்ணப்பம் இல்லாமலே கட்டவிடுகிறது. ஒரு மாடிதான் இருக்கலாம், வீட்டின் முகப்புக்கு முன்னால் வரக்கூடாது. முதலில் கட்டிய வீட்டின் தரைப்பரப்பு நீங்கலாக, மீதி வளவில் பாதிக்கு மேல் கட்டடங்கள் மூடக்கூடாது. பிறகு சேர்த்த எக்ஸ்டென்ஷனும் இந்தக் கணக்கில் வரும். கட்டடத்தின் எந்தப் பகுதியாவது எல்லைக்கு 2 மீட்டருக்குள் இருந்தால், மொத்தக் கட்டடத்துக்குமே உயரம் 2.5 மீட்டர்தான்.

அந்த 2.5 மீட்டரை எங்கிருந்து அளப்பது? தரை சமமாக இல்லாத இடத்தில், கட்டடத்தை ஒட்டிய நிலத்தின் மிக உயரமான பகுதியிலிருந்து அளக்க வேண்டும் என்று அந்த ஆணையே சொல்கிறது. அப்படியானால் உங்கள் கொட்டிலின் உயரம் 2.47. வீட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு 2.64 தெரிவது இயற்கைதான், அந்த அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பின்னால் இருக்கும் உயர்ந்த தரை முன்பிருந்தே உள்ளதாக இருக்க வேண்டும். அத்திவாரம் தோண்டிய மண்ணை அங்கே கொட்டி உயர்த்தியிருந்தால் அந்த அளவு எடுபடாது. அடுத்தது, கூரை ஓரத்தில் அடித்திருக்கும் பட்டியையும் சேர்த்து அளந்தீர்களா? 3 சென்டிமீட்டர்தான் கையில் இருக்கிறது, ஒரு பலகையின் தடிப்பில் அது போய்விடும். நாளைக்கே ஏணி வைத்து ஏறி, டேப்பைப் பிடித்தபடி படம் எடுங்கள். கட்டுவதற்கு முன் எடுத்த வளவுப் படம் கைபேசியில் இருந்தால் அதையும் தேடி வையுங்கள். பட்டி கூடுதலாக இருந்தால் அதை மாற்றிப் போடுவது ஒரு நாள் வேலை.

இன்னொன்றையும் பாருங்கள். பழமை காக்கும் 'கன்சர்வேஷன்' பகுதிகளிலும், இந்த உரிமையைக் கவுன்சில் பறிக்கும் 'ஆர்ட்டிக்கிள் 4' உத்தரவு போட்ட தெருக்களிலும், புதிய குடியிருப்புகளில் முதல் அனுமதியிலேயே இந்த உரிமையை நீக்கிய வீடுகளிலும் இந்தச் சலுகை குறையலாம், சில இடங்களில் இருக்காது. கவுன்சில் இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வந்திருப்பது மாற்று அல்லது இடி என்று கட்டளையிடும் அமலாக்க நோட்டீஸ் இல்லை, வெறும் விசாரணைக் கடிதம். பயப்பட வேண்டாம், ஆனால் பதில் போடாமலும் இருக்க வேண்டாம். அதிகாரி வரும் நேரத்தில் நீங்களே நின்று காட்டுங்கள். அளவுகளையும் படங்களையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். கேள்விகளோடு முறையான நோட்டீஸ் ஒன்று வந்தால் 21 நாளுக்குள் உண்மையாகப் பதில் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் குற்றம். அமலாக்க நோட்டீஸே வந்தாலும், அது நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்பு மேல்முறையீடு செய்தால் தீர்ப்பு வரும்வரை நிற்கும். எல்லாம் சரியாக இருந்தால், 1990ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 191ஆம் பிரிவில், கட்டியது சட்டப்படி சரி என்று சொல்லும் லாஃபுல் டெவலப்மென்ட் சான்றிதழ் ஒன்று எடுத்துவிடுங்கள். கட்டுவதற்கு முன் 192ஆம் பிரிவில் கேட்டிருந்தால் பாதிக் கட்டணம்தான். இனிக் கட்டப்போகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும். "நாலு வருஷம் போனால் கேட்க மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஏப்ரல் 25 முதல் முடிந்த கட்டடங்களுக்கு அது 10 வருஷம்.

இனிப் பிழை இருக்கும் இடம். கட்டட விதிகள் இரண்டு சலுகை தருகின்றன. உள்தரை 15 சதுர மீட்டருக்குள், யாரும் உறங்காத தனிக் கட்டடம் என்றால் விலக்கு. 30 சதுர மீட்டர் வரை ஒரு மாடி, உறங்குமிடம் இல்லை என்றாலும் விலக்கு உண்டு. ஆனால் எந்த முனையும் எல்லைக்கு 1 மீட்டருக்குள் வரக்கூடாது, வந்தால் பெரும்பாலும் எரியாத பொருளால் கட்டியிருக்க வேண்டும். உங்களுடையது 22 சதுர மீட்டர், மரம், வேலிக்கு 60 சென்டிமீட்டர். விலக்கு கிடைக்காது. பில்டர் கொட்டிலை 40 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டிருந்தால் இந்தப் பந்தியை நான் எழுதத் தேவையே இருந்திருக்காது. அந்த இடைவெளியின் காரணம் தீதான். ஒரு மரச் சுவர் பற்றினால் அடுத்த வளவுக்குத் தாவும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அந்த ஒரு சுவரை மட்டும் 40 சென்டிமீட்டர் உள்ளே இழுத்துக் கட்டுவது; அப்படிச் செய்தால் கட்டடமே விலக்குக்குள் வந்துவிடும். மற்றது, கட்டட விதிகளைக் கவனிக்கும் கவுன்சிலின் பில்டிங் கண்ட்ரோல் பிரிவில், ஏற்கெனவே செய்த வேலையை முறைப்படுத்தும் ரெகுலரைசேஷன் விண்ணப்பம். அவர்கள் வந்து பார்த்து, சில இடங்களைத் திறந்து காட்டச் சொல்லி, வேலிப்பக்கச் சுவரைத் தீ தாங்கும்படி மாற்றச் சொல்லலாம். இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். எனக்கென்றால் முதலில் சுவரை நகர்த்துவதையே பரிசீலிப்பேன். இடைவெளி அகன்றால் உங்கள் வளவில் நின்றே மரத்துக்கு எண்ணெய் பூசலாம், அந்த அம்மாவிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை.

மின்சாரத்துக்கு வருவோம். 2005 ஜனவரியிலிருந்து வீட்டு மின்வேலை கட்டட விதிகளின் 'பார்ட் பி' (Part P) பகுதிக்குள் வருகிறது. கொட்டிலுக்கு மற்ற விதிகளில் விலக்கு இருந்தாலும், வீட்டிலிருந்து மின்சாரம் எடுத்தால் இந்த விதி விடாது. ஃபியூஸ் பாக்ஸிலிருந்து புது சர்க்யூட் எடுப்பது அறிவிக்க வேண்டிய வேலை. என்.ஐ.சி.இ.ஐ.சி., நாப்பிட் போன்ற திட்டங்களில் பதிவு பெற்றவர் செய்தால், அவரே அறிவித்து 30 நாளுக்குள் சான்றிதழ் வரச் செய்வார். பதிவில்லாதவர் செய்தால், தொடங்கும் முன்பே பில்டிங் கண்ட்ரோலுக்குச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் அண்ணா நல்ல மனதோடுதான் செய்திருப்பார். ஆனாலும் சட்டம் வீட்டுக்காரரையும் பொறுப்பாளியாகப் பார்க்கும்.

"வேறொருவரைக் கூப்பிட்டு ஒரு சான்றிதழ் எழுதி வாங்கிவிடலாமே" என்று சொல்வார்கள். ஒருவர் செய்த வேலைக்கு இன்னொருவர் தான் செய்ததாகச் சான்றிதழ் தர முடியாது. அப்படித் தருகிறவரிடமிருந்து விலகி நில்லுங்கள். அவர் நேர்மையாகச் செய்யக்கூடியது, இருப்பதைச் சோதித்து நிலை அறிக்கை தருவது. அதை வைத்து ரெகுலரைசேஷன் கேட்கலாம். ஆனால் உங்கள் கேபிள் வேலியோரமாக ஓடுகிறது, மழைக்கு ட்ரிப் ஆகிறது. அதைக் கழற்றிவிட்டு, பதிவு பெற்றவரைக் கொண்டு கவசக் கேபிளைத் தகுந்த ஆழத்தில் புதைத்துப் புதிதாகச் செய்விப்பதே என் ஆலோசனை. காசு போகும், ஆனால் முறையான சான்றிதழ் கையில் இருக்கும். நாளைக்கு வீட்டை விற்கும்போது, விற்பவர் வீட்டு விவரம் நிரப்பிக் கொடுக்கும் டி.ஏ.6 படிவத்தில் இதைக் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாதவர்கள் அந்த நேரத்தில் எடுக்கும் காப்புறுதியும் உங்களுக்குக் கிடைக்காது, ஏனென்றால் விஷயம் ஏற்கெனவே கவுன்சிலுக்குப் போய்விட்டது. வீட்டுக் காப்புறுதி நிறுவனத்திடமும் கொட்டிலைப் பற்றிச் சொல்லி வையுங்கள்.

மச்சான் விஷயத்தில் என் பதில், வேண்டாம். ஒரு கட்டில் போட்டால் கட்டட விதி விலக்கு இரண்டுமே போகும், சுவரை நகர்த்தினாலும் பயனில்லை. குடியிருக்கும் அறை 'துணைப் பாவனை' ஆகாது என்பதால் கிளாஸ் இ பாதுகாப்பும் ஆட்டம் காணும். கொட்டிலில் ஆட்களைக் குடிவைக்கும் பழக்கத்தைக் கவுன்சில்கள் எவ்வளவு தீவிரமாகப் பார்க்கின்றன என்பதற்கு ஓர் உதாரணம்: 2013இல் ஸ்லவ் கவுன்சில் வெப்பத்தைப் படம்பிடிக்கும் கருவியோடு விமானத்தையே பறக்கவிட்டது. அதிகாரி உள்ளே வந்து ஒரு மெத்தையையும் கேத்தலையும் கண்டால், உயரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது காதில் ஏறாது. புகை அலாரம் இல்லாத மர அறையில் உறங்கும் ஒருவர் இரவில் எழும்பாமலே போகலாம். மச்சானுக்கு வீட்டு ஹோலில் சோபாவை விரித்துக் கொடுங்கள்.

பில்டரிடம் கேட்கலாம். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, வியாபாரி சொன்னதை நம்பி நீங்கள் முடிவெடுத்திருந்தால் அந்தச் சொல் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது 49ஆம் பிரிவு. வேலிக்கு 60 சென்டிமீட்டரில் 22 சதுர மீட்டர் மரக் கட்டடம் போட்டவர் அந்தக் கவனத்தைக் காட்டவில்லை. முதலில், சுவரை அவர் செலவில் நகர்த்தித் தரும்படி தேதி குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். 10,000 பவுண்ஸ் வரையான கோரிக்கைக்கு நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழி போதும்; ஆறு வருஷ அவகாசம் உண்டு. வேறொருவரைக் கொண்டு திருத்துவதற்கு முன் அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதையே அவர் எதிர்வாதமாகச் சொல்வார்.

400 பவுண்ஸ் வாங்கிய அண்ணாமீது வழக்குப் போட வழி இருக்கிறது. அதற்கு முன் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, மழைக்கு ட்ரிப் ஆவதைச் சொல்லிக் கதைத்துப் பாருங்கள். இதே போல வேறு எத்தனை வீட்டுக்குச் செய்து கொடுத்தார் என்றும் கேளுங்கள், அந்த வீட்டுக்காரர்களுக்கும் தெரிய வேண்டும்.