குவாண்டம் ஆய்வகங்களில் நானோ சில்லு செய்யும் வேலையை ரோபோவிடம் கொடுக்க முடியுமா? கொடுத்துவிட்டால் ஆய்வு மாணவர்களுக்கு என்ன வேலை மிஞ்சும்?

கொடுக்க முடியும், கொடுக்கவும் வேண்டும். எந்த வேலையைக் கொடுப்பது என்பதில்தான் குழப்பம். பெரிய கருவிகள் ஏற்கெனவே தானாக இயங்குபவைதான். எலக்ட்ரான் கற்றையால் வடிவம் வரையும் கருவி, இரவு முழுவதும் பக்கத்தில் ஆளில்லாமல் வரைகிறது. உலோகத்தை ஆவியாக்கிப் படிய வைக்கும் கருவி, கொடுத்த செய்முறையை வரி பிசகாமல் நிறைவேற்றுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மேசை இருக்கிறது. அதன்மேல் பீக்கர், இடுக்கி, ஸ்டாப்வாட்ச். ரோபோ வரவேண்டிய இடம் அந்த மேசை. ஒரு பல்கலைக்கழகக் கிளீன்ரூமில் (தூசு வடிகட்டிய ஆய்வறையில்) மீக்கடத்திக் கியூபிட்டுகள் செய்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் உலோகத்தால் செய்த, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள் அவை.

கை ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்று பார்ப்போம். மீக்கடத்திக் கியூபிட்டில் எல்லாம் ஜோசப்சன் சந்தியைப் பொறுத்தது. அலுமினியம், அதன்மேல் ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனில் அலுமினியம் ஆக்சைடு, மறுபடியும் அலுமினியம். அவ்வளவுதான் அந்தச் சந்தி. அதன் பரப்பு கூடினால் அதில் தடையின்றிப் பாயக்கூடிய மின்னோட்டம், அதாவது மீமின்னோட்டம், கூடும், கியூபிட்டின் அதிர்வெண்ணும் ஏறும். ஏறத்தாழ அந்த மின்னோட்டத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அதிர்வெண் நகர்கிறது. 200 நானோமீட்டர் அகலத்தில் வரவேண்டிய கோடு 210 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 5 சதவீதம் கூடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கவேண்டிய கியூபிட் சுமார் 125 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போகிறது. அடுத்த கியூபிட்டின் அதிர்வெண்ணோடு மோதிக்கொள்ள இது தாராளம்.

அந்த 10 நானோமீட்டர் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் டெவலப்பர் பீக்கரிலிருந்துதான். சில்லில் ரெசிஸ்ட் என்ற பூச்சைப் பூசி எலக்ட்ரான் கற்றையால் வடிவம் வரைந்தபின், கற்றை பட்ட இடத்தைக் கரைக்கும் டெவலப்பர் திரவத்தில் அதை ஒரு நிமிடம் வைத்து எடுக்கவேண்டும். திரவத்தின் வெப்பநிலை நேற்றைவிட இரண்டு டிகிரி கூடியிருக்கலாம். ஒருவர் சில்லை மெல்ல ஆட்டுவார், இன்னொருவர் அசையாமல் பிடித்திருப்பார். எடுத்ததும் ஒருவர் உடனே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் போடுவார், இன்னொருவருக்கு இடுக்கியில் பிடி நழுவும். குறிப்பேட்டில் இருவருமே "டெவலப்பர், 60 விநாடி" என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. நன்றாகச் செய்துகொண்டிருந்த மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டால், அவர் கைப்பழக்கமும் அவரோடு போய்விடுகிறது. அடுத்தவர் பல மாதங்கள் செலவழித்து அதே இடத்துக்கு வந்து சேர்கிறார். பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வில் இந்த இழப்பை நாம் இயல்பானதாக ஏற்றுக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

சந்திக்குச் சந்தி மதிப்பு மாறும் இந்தப் பரவல் பெரிய நிறுவனங்களுக்கும் தொல்லைதான். ஐபிஎம் ஆய்வாளர்கள் செய்துமுடித்த சந்திகளை ஒவ்வொன்றாக லேசரால் சூடாக்கி அதிர்வெண்ணைச் சரிசெய்யும் முறையை 2021இல் வெளியிட்டார்கள். அதிர்வெண்ணின் துல்லியம் ஏறக்குறைய பத்து மடங்கு உயர்ந்தது. பெல்ஜியத்தின் சில்லுத் தொழில்நுட்ப ஆய்வு மையமான ஐமெக் வேறு வழியில் போனது. கோணத்தில் உலோகம் படிய வைப்பதையும் எலக்ட்ரான் கற்றையையும் விட்டுவிட்டு, 300 மில்லிமீட்டர் வேஃபரில் (வட்டச் சிலிக்கான் தகட்டில்) வழக்கமான சில்லுத் தொழிற்சாலை முறைகளாலேயே கியூபிட்டுகளைச் செய்து, கியூபிட்டின் குவாண்டம் நிலை 100 மைக்ரோவிநாடிக்கு மேல் நிலைத்திருப்பதை 2024இல் காட்டியது.

அப்படியானால் பல்கலைக்கழகமும் தொழிற்சாலைத் தானியங்கிகளையே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். அவை பெரிய வட்ட வேஃபருக்காகவும் மாதக்கணக்கில் மாறாத செய்முறைக்காகவும் கட்டப்பட்டவை. எங்கள் கையில் இருப்பது ஒரு சென்டிமீட்டர் சதுரத் துண்டு. இந்த வாரம் அலுமினியம், அடுத்த வாரம் டான்டலம், அதற்கடுத்து ஒருவர் வைரத்தோடு வந்து நிற்பார். கல்வி ஆய்வகத்துக்கு வேண்டியது மனிதர்களுக்காக அமைத்த இடத்துக்குள் வந்து, மனிதர்கள் தொடும் கருவிகளையே தொட்டு வேலை செய்யும் ரோபோ. இது கனவல்ல. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் சக்கரங்களில் நகரும் ஒரு ரோபோக் கை, சாதாரண வேதியியல் ஆய்வகத்துக்குள் உலாவி எட்டு நாட்களில் 688 சோதனைகளைத் தானே செய்து, நல்ல ஒளிவினையூக்கிக் கலவை ஒன்றைத் தேடிப் பிடித்தது. 2020இல் அது வெளியானது.

நானோ சாதனங்களிலேயே நான் மிகவும் மதிக்கும் எடுத்துக்காட்டு டோக்கியோ பல்கலைக்கழகத்துடையது. கிராஃபீன் போன்ற ஓரணுப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சாதனம் செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், வேலையின் பாதி நேரம் நுண்ணோக்கி முன்னால் போகிறது என்பார்கள். ஒட்டுநாடாவால் உரித்து சிலிக்கான்மேல் பதித்த நூற்றுக்கணக்கான செதில்களில் எது ஓரடுக்கு என்று கண்ணால் தேடவேண்டும். கழுத்து வலிக்கும், கண் எரியும், மாலையில் நான்கு செதில்கள் தேறும். டோக்கியோ குழு 2018இல் வெளியிட்ட அமைப்பு ஒரு மணி நேரத்தில் 400 ஓரடுக்குக் கிராஃபீன் செதில்களைக் கண்டுபிடித்தது. பிழை 7 சதவீதத்துக்கும் குறைவு. மணிக்கு நான்கு முறை எடுத்து அடுக்கியது, ஒவ்வொரு முறையும் மனிதக் கை சில நிமிடங்களே தேவைப்பட்டது. கிராஃபீனும் போரான் நைட்ரைடும் மாறிமாறி 29 அடுக்குகள் கொண்ட அமைப்பை அதனால் கட்ட முடிந்தது. சிகாகோ பல்கலைக்கழகக் குழு 2022இல் வெற்றிடத்துக்குள் ரோபோவைக் கொண்டு 80 அடுக்குகள் வரை போனது. 29 அடுக்கைக் கையால் செய்ய எந்த மாணவரிடமும் கேட்க எனக்கு மனம் வராது.

மீக்கடத்திப் பக்கத்தில் இவ்வளவு தூரம் போகவில்லை. அதற்குக் காரணமாகப் பலரும் சொல்வது குளிர்விப்பை: கியூபிட்டை அளக்க அதைச் தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டிய சுமார் 10 மில்லிகெல்வினுக்குக் கொண்டுபோக வேண்டும், ஒரு சுற்றுக்கு நாட்கணக்கில் ஆகும், ரோபோ தன் வேலையின் பலனை அறியக் காத்துக் கிடக்கவேண்டும் என்பார்கள். எனக்கு இது முழுக்க உடன்பாடில்லை. 1963இல் அம்பேகாவ்கரும் பராடாஃபும் தந்த சமன்பாட்டைக் கொண்டு, சந்தியின் மீமின்னோட்டத்தை, மீக்கடத்தாத நிலையில் அதற்கு இருக்கும் சாதாரண மின்தடையிலிருந்தே கணிக்கலாம். அந்த மின்தடையை அறை வெப்பநிலையில் ஊசி வைத்து அளந்தாலே நல்ல மதிப்பீடு கிடைத்துவிடுகிறது. நூறு சோதனைச் சந்திகளை அளப்பது ஒரு தானியங்கி ஊசி மேடைக்குச் சின்ன வேலை. ஆகவே டெவலப்பர், ஆக்சிஜனேற்றம், மின்தடை அளவீடு என்ற சுற்றை ரோபோ தினமும் ஓட்டலாம்; தேறிய தொகுதி மட்டும் குளிர்சாதனத்துக்குப் போனால் போதும்.

தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஐந்து மில்லிமீட்டர் சில்லின் விளிம்பைக் கீறாமல் பிடிப்பது ரோபோ விரலுக்கு இன்னும் சிரமம். அசிட்டோன் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால் அதன் பக்கத்தில் எந்த மோட்டாரையும் கொண்டுபோய் வைத்துவிட முடியாது. பல கருவிகளின் மென்பொருள் வெளியிலிருந்து கட்டளை வாங்காது. மூடியைத் திறக்கக்கூட ஒரு மனித விரல்தான் பொத்தானை அழுத்தவேண்டும். இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருப்பதைப் போன்ற பொதுக் கிளீன்ரூம்களில் வெளி ஆய்வாளர்களும் வந்து வேலை செய்கிறார்கள். ஒருவருடைய தங்கம் இன்னொருவருடைய அலுமினியத்தில் கலந்துவிடாமல் காப்பதே பெரும்பாடு. 2023இல் தொடங்கிய தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஒரு சிறு பங்காவது பீக்கர் மேசைக்குப் போகவேண்டும் என்பது என் ஆசை.

மாணவர்களுக்கு என்ன மிஞ்சும்? சிந்திக்கும் வேலை முழுவதும் மிஞ்சும். சந்தியின் மின்தடை ஏன் நாள்பட ஏறுகிறது, கியூபிட்டின் ஆற்றல் இழப்பு எந்த இரு பொருள்கள் சந்திக்கும் இடைமுகத்தில் நடக்கிறது என்ற கேள்விகளுக்கு எந்தக் கையும் பதில் சொல்லாது. ஆனால் முதல் சில மாதங்களாவது ஒவ்வொரு மாணவரும் கையால் செய்து பழகவேண்டும் என்பேன். ரெசிஸ்ட் சரியாகக் கரையாதபோது அதன் நிறம் எப்படி இருக்கும் என்று பார்த்திராதவரால் ரோபோவுக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை மட்டும் இதில் சேர்க்கமாட்டேன். தோலுக்குள் ஊடுருவி, சில சமயம் மணிக்கணக்கில் தாமதித்து வலியைக் காட்டும் அமிலம் அது. இயந்திரத்திடம் முதலில் ஒப்படைக்கவேண்டியது அதைத்தான்.

நீங்கள் ஓர் ஆய்வகத்தில் இதைத் தொடங்க நினைத்தால் ரோபோக் கையை உடனே வாங்காதீர்கள். டெவலப்பர் பீக்கரில் ஒரு வெப்ப உணரியை வையுங்கள், மேலே ஒரு கேமராவை மாட்டுங்கள், எல்லோரும் செய்வதைச் சில வாரங்கள் பதிவு செய்யுங்கள். பிறகு வெப்பநிலை மாறாத தொட்டியும், சில்லை ஒரே வேகத்தில் இறக்கி ஏற்றும் சிறு மோட்டார் தண்டும் போதும். கையால் செய்த சந்திகளின் மின்தடைப் பரவலையும் அந்தத் தண்டு செய்தவற்றின் பரவலையும் ஒரே வரைபடத்தில் போட்டு உங்கள் வழிகாட்டியிடம் காட்டுங்கள். ரோபோக் கைக்கான நிதி விண்ணப்பத்தில் அதுவே முதல் படமாக இருக்கட்டும்.