வயதான மாமியாருக்கு தினமும் 12 மாத்திரை: குறைக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாமா?

மாமியாருக்கு 74 வயது, சர்க்கரை, பிபி, மூட்டுவலி என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று டாக்டர்கள் தனித்தனியாகக் கொடுத்தது சேர்ந்து 12 மாத்திரை ஆகிவிட்டது, பகலெல்லாம் அசந்து கிடக்கிறார், நாங்களே இரண்டு மூன்றை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களாக ஒன்றையும் நிறுத்தாதீர்கள். ஆனால் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். நான் டாக்டர் இல்லை. என் அம்மாவுக்கு 13 வகை மருந்து போய்க்கொண்டிருந்தது, இப்போது ஆறு. அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

2023இல் ஒரு ராத்திரி மூன்று மணிக்கு பாத்ரூம் போக எழுந்த அம்மா, வழியிலேயே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட இடத்தில் இன்னும் இரண்டு மாத்திரை சேர்த்து எழுதப் போனார்கள். அப்போது அங்கிருந்த ஒரு இளம் டாக்டர், "இவர் ஏற்கனவே சாப்பிடுவதையெல்லாம் யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்தார்களா?" என்று கேட்டார். யாரும் பார்த்ததில்லை. எங்களை முதியோர் மருத்துவம் படித்த ஒருவரிடம் அனுப்பி வைத்தார்.

அந்த டாக்டர் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அம்மா பிஸ்கட் டப்பாவோடு போனார். மேஜையில் கொட்டியதும், "எது எதற்கு" என்பதைவிட "எது எப்போது ஆரம்பித்தது" என்றுதான் அவர் அதிகம் கேட்டார். வீட்டுக்கு வந்து பழைய சீட்டுகளையெல்லாம் தேடி, தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதினேன். எழுத எழுத எனக்கே கதை புரிந்துவிட்டது.

2018இல் முழங்கால் வலிக்கு எட்டோரிகாக்சிப் என்ற வலி மாத்திரை கொடுத்தார்கள். அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கக் கூடவே பான்டோபிரசோல், நாம் கேஸ் மாத்திரை என்போமே அது. பத்து நாளைக்கு எழுதியதை, காலி அட்டையை மெடிக்கலில் காட்டி அம்மா வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார். இந்த வகை வலி மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றும். 2019இல் பிபி ஏறியது, அம்லோடிபின் 5 மில்லிகிராம் 10 ஆனது. அந்த அளவில் பலருக்குக் கால் வீங்கும். வீங்கியது. வேறொரு டாக்டர் அதற்கு நீர் மாத்திரை கொடுத்தார். அது பொட்டாசியத்தைக் குறைத்ததால் பொட்டாசியம் சிரப் வந்தது. ராத்திரியில் சிறுநீர் கழிக்க நாலைந்து முறை எழுந்ததில் தூக்கம் போயிற்று, குளோனசெபாம் வந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றியது, சின்னரிசின் வந்தது. சின்னரிசினை வயதானவர்கள் நீண்ட நாள் எடுத்தால் பார்க்கின்சன் நோய் மாதிரியே கைகால் இறுகி நடை தளரலாம். அம்மாவும் 2022இல் கால் தேய்த்துத் தேய்த்து நடக்க ஆரம்பித்தார். வயசு என்று விட்டுவிட்டோம்.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கும் மருந்து, அந்த மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொன்று. மருத்துவ உலகில் இந்தச் சங்கிலிக்குத் தனிப் பெயரே உண்டு. யாரையும் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு டாக்டரும் தன் முன்னால் இருந்த தொந்தரவுக்குச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். முழு வரிசையும் யார் கையிலும் இல்லை, அதுதான் கோளாறு. அந்த வரிசை உங்கள் வீட்டில், பழைய சீட்டுகளில் இருக்கிறது. அதனால்தான் தேதியோடு எழுதச் சொல்கிறேன்.

அட்டையைப் பார்க்கும்போது கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் பெயரையும் பாருங்கள். அம்மாவின் டப்பாவில் வெவ்வேறு கம்பெனிப் பெயரில் இரண்டு பான்டோபிரசோல் இருந்தன, இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு பிபி, சர்க்கரை மாத்திரை வருகிறதென்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். வெளியே வாங்குவதும் வீட்டுக்கு வருவதும் ஒரே மருந்தாக இருக்கலாம்.

அம்மாவுக்குக் குறைத்தது இப்படித்தான். முதலில் எக்கோ எடுத்து, கால் வீக்கத்துக்கு இதயம் காரணமில்லை என்று உறுதி செய்தார்கள். கிட்னி பரிசோதனையும் எடுத்தார்கள், வயதானால் மருந்தை வெளியேற்றும் வேகம் குறையும் என்பதால். பிறகு ஒரு நேரத்தில் ஒன்று. முதலில் வலி மாத்திரை போயிற்று. தேவைப்பட்டால் பாராசிட்டமால், தினமும் தொடைத் தசைக்கு உடற்பயிற்சி. மூன்று வாரத்தில் பிபி இறங்கியது, அம்லோடிபின் மறுபடி 5க்கு வந்தது, வீக்கம் வடிந்தது. அதன்பின் நீர் மாத்திரையும் சிரப்பும் சேர்ந்து போயின. அடுத்து சின்னரிசின். நடை தெளிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஆனால் தெளிந்தது.

சர்க்கரையில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அம்மாவின் மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 6.2 என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். இந்த வயதில், கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்கு இது ரொம்பக் குறைவு, விடியற்காலையில் சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம், 7.5 இருந்தால் போதும் என்றார் டாக்டர். கிளிமிபிரைடு நின்றது, மெட்ஃபார்மின் தொடர்கிறது. அம்மாவுக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்ததே இல்லை, ஆனாலும் முன்னெச்சரிக்கையாகப் பல வருடம் போட்டுவந்த ஆஸ்பிரினும் நின்றது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000க்கு மேற்பட்ட முதியவர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. அதில் அப்படிப்பட்டவர்களுக்கு ஆஸ்பிரினால் நன்மை தெரியவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியிருந்தது.

எல்லாமே சுலபமாக நடக்கவில்லை. கேஸ் மாத்திரையை நாங்கள் சட்டென்று நிறுத்தினோம், அமிலம் முன்பைவிடப் பொங்கி இரண்டு வாரம் நெஞ்செரிச்சலில் தவித்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்திருக்க வேண்டும். குளோனசெபாம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால் மாதக்கணக்கில் குறைத்து, இப்போது கால் மாத்திரையில் நிற்கிறது. ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவாக இருந்ததால் அது புதிதாகச் சேர்ந்தது. குறைப்பது என்றால் தேவையானதையும் கொடுக்காமல் இருப்பது இல்லை.

இதையெல்லாம்விடக் கடினமாக இருந்தது அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான். முதல் மாத்திரையை நிறுத்திய அன்று ராத்திரி, "ஏன்டி, இனிமே எனக்கு மருந்து கொடுத்துப் பிரயோஜனம் இல்லைன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. அப்பா போன பிறகு, நாங்கள் மாதாமாதம் வாங்கி வந்து கொடுக்கும் அந்த டப்பாதான் பிள்ளைகள் தன்னைக் கவனிக்கிறார்கள் என்பதற்கு அவருக்கு இருந்த அத்தாட்சி. அதிலிருந்து ஒன்றை எடுத்தால் நம் அக்கறையையே எடுப்பதாகத்தான் அவருக்குத் தோன்றும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவர் அம்மாவிடமே பேசினார். எதை முதலில் விட வேண்டும் என்று அம்மாவையே கேட்டிருக்கிறார். "அந்தக் கசப்பு சிரப்பு" என்றாராம். அதை நிறுத்த வேண்டுமானால் முதலில் எதெது போக வேண்டும் என்று விளக்கியிருக்கிறார். அதன் பிறகு நோட்டை அம்மாவே கையில் எடுத்துக்கொண்டார்.

கனடாவின் கியூபெக்கில் 2014இல் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. தூக்க மாத்திரை வகை எடுத்துவந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே நேராக ஒரு விளக்கப் புத்தகத்தை அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் விட்டுவிட்டார்கள். புத்தகம் கிடைக்காதவர்களில் விட்டது 5 சதவீதம்தான். அதனால் மாமியாருக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். அவரையும் உட்கார வைத்து அந்தப் பட்டியலை எழுதுங்கள்.

நீங்களாக நிறுத்த வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணம் உண்டு. பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனலால், மெட்டோபுரோலால் மாதிரி மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெலை விட்டால் அடைப்பு வரலாம். ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை எல்லாம் அதே கதைதான்.

டாக்டரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கென்றே பியர்ஸ் பட்டியல் என்று ஒன்று அமெரிக்காவில் 1991இல் வந்து, 2023 வரை திருத்தப்பட்டு வந்திருக்கிறது. நீங்கள் கேட்கப் போவது அவர்களுக்குப் புதிய விஷயமே இல்லை. "டாக்டர், இன்றைக்குப் புதிதாகப் பார்த்திருந்தால் இதில் எதையெல்லாம் எழுதுவீர்கள்?" என்று நான் கேட்டேன். கோபப்படாமல் பதில் சொன்னார்.

சென்னையில் இருந்தால் கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. வெளியூர் என்றால் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதியோர் பிரிவு உண்டா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால் மூன்று டாக்டரில் பொது மருத்துவர் யாரோ, அவரிடம் மொத்தப் பட்டியலையும் கொடுங்கள். பகல் முழுக்க அசந்து கிடக்கிறார் என்றீர்களே, அது எந்த மாதம் ஆரம்பித்தது, அதற்கு முந்தைய மாதம் எந்த மாத்திரை புதிதாக வந்தது என்று மட்டும் இன்றைக்கே பார்த்து வையுங்கள்.